முன்சக்கரத்துக்குப் பாரம் போதவில்லை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வண்டி மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேறு எதைப் பற்றியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் டயர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். கணக்குப் பிரிவில்தான் என்பது தெரியும். இருந்தாலும் பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள், டயரோடு சேர்ந்தவர்களுக்கு ஏதாவது தெரியாமலா போகும்? முன்சக்கரம் இழுக்கிற வண்டி ஒன்று, ஈரப் புல்தரையில் நின்று வழுக்கினால், பிடிமானம் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்? இதுதான் என் சந்தேகம். போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். போன் செய்தால் உங்கள் வீட்டுக்காரிதான் எடுப்பாள். எடுத்ததும் "என்னப்பா, ஏதாவது விஷயமா?" என்பாள். விஷயம் எதுவும் இல்லாதவன் என்ன சொல்வான்? "சும்மாதாம்மா" என்பேன். "சரிப்பா, வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஆகவே கடிதம். இதை நீங்கள் அவளிடம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. சாப்பாட்டு மேசைமேல் மறந்தாற்போல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் போதும்.

என்ன வண்டி, எதற்கு வண்டி என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. அதே வீடுதான், அதே சுவர்தான். ஆனால் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த சமையலறை இப்போது வேறு ஊரில் இருப்பதுபோல் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரிக்குக் குளியலறை விளக்கை அணைக்காமல் வருகிற பழக்கம் உண்டு என்பதை இதற்குள் நீங்களும் கண்டுபிடித்திருப்பீர்கள். அவள் இருந்தவரைக்கும் தினமும் நான் அதற்காகக் கத்துவேன், அவள் "போப்பா" என்பாள், அத்தை இரண்டு பேரையும் திட்டுவாள், அதோடு அன்றைய பொழுது விடியும். இப்போது விளக்கு ஒழுங்காக அணைந்தே கிடக்கிறது. ஒருநாள் நானே அதைப் போட்டுவிட்டு வந்து, "யாரது லைட்டை அணைக்காம வந்தது?" என்று கத்திப் பார்த்தேன். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். எதிர்க்கட்சி இல்லாத சட்டசபை என்ன சட்டசபை, நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனில் மெல்ல ஆரம்பித்தேன். "வீடு சின்னதுப்பா. ஒரே ரூம்தான். நீங்க வந்தா எங்க படுப்பீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. கேள்வி என்றால் அதற்கு விடை காண்பதுதானே முறை? படுக்க இடமில்லை என்றால் படுக்கையை நாமே எடுத்துக்கொண்டு போவோம் என்று, படுக்கை, அடுப்பு, குழாய், கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மோட்டார்ஹோம் என்கிறார்கள். அத்தை வீட்டுவண்டி என்கிறாள். அதில் குளிர்பெட்டியைத் திறக்க வேண்டுமானால் முதலில் கழிப்பறைக் கதவைச் சாத்த வேண்டும் என்பது தவிர ஒரு குறையும் இல்லை. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "பாத்தியா, அவ கேள்விக்கு விடை கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். அத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அவ கேட்டது கேள்வி இல்லீங்க. அதுதான் பதில்" என்றாள். அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் வண்டி வாங்கியாயிற்று.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. எங்களில் யாரும் யாரையும் "பார்க்க வந்தேன்" என்று சொல்லி வந்தது கிடையாது. என் அப்பா வருஷம் தவறாமல் தன் தங்கை வீட்டுக்குப் போவார். போய் நின்றதும், "குடை ரிப்பேர் பண்ண வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்" என்பார். அந்த ஊரில் குடை ரிப்பேர் செய்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது. அந்த அத்தையும், "ஆமாண்ணே, இங்கதான் நல்லாச் செய்வாங்க" என்று சொல்லிக் குடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இலை போடுவாள். திரும்பி வரும்போது குடை அப்படியே வரும், அப்பா மட்டும் நன்றாக ரிப்பேராகி வருவார். ஆகவே நானும் முறைப்படி ஒரு காரணத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன். "ஊர் சுத்தக் கிளம்பினோம், வழியில உங்க ஊர் வந்துச்சு." கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். நம்பும்படியாகத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று வந்தது வினை. "பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது?" என்று ஆரம்பித்தாள் உங்கள் அத்தை. வண்டியின் பின்பக்கம் படுக்கைக்கு அடியில், ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சாமான் அறை இருக்கிறது. அதில் முதலில் போனது தையல் மிஷின், இரும்புக் காலோடு. பிறகு அவள் கல்லூரிப் புத்தகங்கள், கம்பளிகள், பாத்திர மூட்டை, அவளே வேண்டாம் என்று விட்டுப்போன மேசை விசிறி, ஐந்தாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, அந்தக் கோப்பையை வைப்பதற்கு ஓர் அலமாரி. பின்கதவுக்கு வெளியே கம்பித் தாங்கியில் அவளுடைய பழைய சைக்கிள். தண்ணீர்த் தொட்டியும் பின்னால்தான், தளும்பத் தளும்ப. "என் சவரப் பெட்டியை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டேன். "மடியில வச்சுக்கங்க" என்றாள். ஓட்டுகிறவன் மடியில்!

மாப்பிள்ளை, நான் பார்த்த உத்தியோகம் என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கும். எடை அளவு ஆய்வாளன். தராசுத் தட்டுக்கு அடியில் புளியங்கொட்டை அளவு மெழுகு ஒட்டியிருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடிப்பேன் என்று கடைவீதியில் பேர். அந்த நான், என் சொந்த வண்டியின் தராசு சாய்ந்ததைப் பார்க்கவில்லை. யோசித்துப் பாருங்கள். பின்சக்கரம்தான் தராசின் நடு அச்சு. அதற்குப் பின்னால் பாரம் ஏற ஏற மூக்குப் பக்கம் மேலே போகும். ஆனால் இந்த வண்டியை இழுப்பதோ முன்சக்கரம். பாவம், அது தரையைத் தொட்டும் தொடாமலும், மாமியார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த புது மாப்பிள்ளைபோல நுனியில் நிற்கிறது. (உங்களைச் சொல்லவில்லை.) தார்ச்சாலையில் இது தெரியவே இல்லை. ஈரம் வந்ததும் தெரிந்துவிட்டது.

ஓர் ஊரில் வண்டியை ஓரங்கட்டினேன். என்ன ஊர் என்று எழுதினால் வீணாகக் கவலைப்படுவீர்கள். வழியில் ஏதோ ஓர் ஊர். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது, என்ன யோசனை என்பது இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை. ரோட்டிலேயே நின்றால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்களே என்று, பக்கத்தில் இருந்த விளையாட்டு மைதானத்துக்குள் இறக்கினேன். முந்தின நாள் நல்ல மழை. மைதானம் ரோட்டுப் பக்கம் மேடு, நடுவில் பள்ளம், அதற்கும் அப்பால் ஒரு கேட், கேட்டைத் தாண்டி ஒரு தெரு. இறங்கும்போது வண்டி சமர்த்தாக இறங்கியது. கிளப்பும்போதுதான் முன்சக்கரம் இரண்டும் உய்ய் என்று ஒரு சத்தம் போட்டு, நின்ற இடத்திலேயே சுற்றி, எனக்குப் பெரிதாக ஒரு குழி வெட்டிக்கொடுத்தன. நானும் விடாமல் மிதித்தேன். குழி ஆழமானது. "நீங்க முன்னாடி போறதா நினைச்சுக்கிட்டு கீழ போயிட்டிருக்கீங்க" என்றாள் அத்தை.

அதற்குள் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "சார், இங்க வண்டி நிறுத்தக் கூடாது."

"நிறுத்தலைங்க. மாட்டிக்கிட்டேன்."

"மாட்டிக்கவும் கூடாது சார்" என்றார்.

இவருக்கு விசில்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல மனிதர். வாயில் விசிலை வைத்துக்கொண்டே யோசிப்பார், மூச்சு விடும்போதெல்லாம் அது லேசாகக் கூவும். சக்கரத்துக்கு அடியில் ஏதாவது கொடுங்கள் என்றது அவர் யோசனைதான். உங்கள் வீட்டு வாசலுக்கென்று அத்தை புதிதாக வாங்கிவந்த தடித்த கால்மிதி ஒன்று இருந்தது. மனசே இல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அதை முன்சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டு, விசில்காரர் "போலாம் ரைட்" என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். நான் மிதித்தேன். கால்மிதி வண்டிக்கு அடியிலேயே பறந்துபோய், பின்பக்கமாக வெளிப்பட்டு, அவர் முழங்காலில் அறைந்தது. அவர் நீளமாக ஒரு விசில் ஊதினார். ஃபவுல் என்று அர்த்தமாம்.

அடுத்தது காற்று. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அது பரந்து உட்கார்ந்து மண்ணைப் பிடிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஓரளவு பிடிக்கவும் செய்தது. அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள், "காத்து எறங்கினா தரையில நிக்கலாம்னு டயருக்குத் தெரியுது" என்று பொதுவாகச் சொன்னாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு தண்ணீர். பின்னால் பாரத்தைக் குறைக்க வேண்டும் அல்லவா, தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டேன். நல்ல யோசனைதான். ஆனால் வண்டி மூக்கைப் பள்ளத்தின் பக்கம் வைத்து நிற்கிறது என்பதை மறந்துவிட்டேன். தொட்டித் தண்ணீர் மொத்தமும் சாவகாசமாகச் சரிவில் இறங்கி, வண்டிக்கு அடியிலேயே நடந்து, நேராக முன்சக்கரக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பின்பாரம் குறைந்தது உண்மை. முன்னால் குளம் வெட்டித் தண்ணீரும் விட்டதுதான் மிச்சம். விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஊதுகிற நிலைமையைத் தாண்டிவிட்டது போலும்.

கடைசியில் சாமான்களை முன்னால் மாற்றுவது என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டுக்காரியின் பிள்ளைப்பிராயம் முழுவதையும் மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு, சேற்றில் செருப்பை விட்டு, நாங்கள் மூன்று பேரும் பின்னாலிருந்து முன்னால் நடந்தோம். தையல் மிஷினை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். கோப்பை டேஷ்போர்டில். மேசை விசிறியின் தலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே. புத்தகக் கட்டைத் தூக்கும்போது கயிறு அறுந்து ஒரு புத்தகம் திறந்துகொண்டது. ஓரத்தில் பேனாவால் என் முகம் வரைந்திருந்தாள். மீசையை ரொம்பப் பெரிதாகப் போட்டு, கையில் ஒரு தராசு, தராசின் ஒரு தட்டில் அவள், இன்னொரு தட்டில் ஒரு பல்பு. அதற்குக் கீழே, "எங்க அப்பாவுக்கு லைட்டுதான் வெயிட்டு" என்று எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் தூக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று விசில்காரரிடம் சொன்னேன்.

பாரம் முன்னால் வந்ததும் வண்டி லேசாக அசைந்து கொடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத வேண்டியதில்லை. பாக்கி இருப்பது ஒரே வழி, ரிவர்ஸ். மேட்டில் பின்பக்கமாக ஏறினால் பாரம் எல்லாம் கீழே இருக்கிற முன்சக்கரத்தின்மேல் வந்து உட்காரும், பிடித்துக்கொள்ளும், வெளியே வந்துவிடலாம் என்று விசில்காரரும் அத்தையும் சொல்கிறார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பின்னால் போனால் எங்கே போவோம்? வந்த ரோட்டுக்கு. அந்த ரோட்டில் இடப்பக்கம் திரும்பினால் எங்கள் வீடு. இவ்வளவு தூரம் வந்தது அதற்காகவா? ஆகவே இப்போதைக்கு இங்கேயேதான் இருக்கிறோம். இருக்க வேண்டியதாகிவிட்டது.

இடம் ஒன்றும் மோசமில்லை. கேட்டுக்கு அப்பால் இருக்கிற தெருவில் அடுக்குமாடி வீடுகள். வண்டியின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டாம் மாடியில் ஒரு பால்கனி தெரிகிறது. காலையில் ஒரு பெண் வந்து துணி காயப்போடுகிறாள். யார் வீட்டுப் பெண்ணோ. துணியை இரண்டு தடவை உதறித்தான் போடுகிறாள். நம் வீட்டிலும் ஒருத்தி அப்படித்தான் உதறுவாள், கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் தலையில் தண்ணீர் தெறிக்கிறதே என்ற கவலை கொஞ்சமும் கிடையாது. இந்தப் பெண் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். அதாவது, பொதுவாக இந்த ஊரில் எல்லோருமே இளைத்துத்தான் தெரிகிறார்கள். சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் குளியலறை ஜன்னலில் வெளிச்சம் வரும். அப்புறம் அவள் சமையலறைக்கு வந்துவிடுவாள், அந்த வெளிச்சம் மட்டும் அங்கேயே இருக்கும். பார்த்துக்கொண்டே இருப்பேன். அணையவே அணையாது. அதைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன். ஒரு நாள் அவள் துணி போடும்போது எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டென்று வைப்பரைப் போட்டேன். மழை இல்லை. இருந்தாலும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, விஷயம் இவ்வளவுதான். முன்சக்கர வண்டி, ஈரத் தரை, பிடிமானம். உங்கள் தொழிற்சாலையில் யாரையாவது கேட்டு, சாவகாசமாகப் பதில் எழுதுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. பதில் வருகிறவரைக்கும் நாங்கள் இங்கேயே இருப்பதில் எங்களுக்குச் சிரமம் எதுவும் கிடையாது. உங்கள் இருவருக்கும் மேடு பள்ளம் இல்லாத பாதையும் தேயாத டயரும் அமைய வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அவளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பசை காய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

உறையில் தபால்தலை இருக்கும், முத்திரை இருக்காது, பாருங்கள். நானே நடந்து வந்து உங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறோம். மைதானத்து ஓரத்தில் ஒரு வெள்ளை வண்டி சேற்றில் நிற்கிறதே, அது நாங்கள்தான். நேற்றுச் சாயங்காலம் நீங்கள் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனீர்கள். "யாரோ பாவம், மாட்டிக்கிட்டாங்க" என்று கூட வந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. உங்கள் மாமா அப்போது தையல் மிஷினுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி மாட்டிக்கொள்ளவே இல்லை. மாட்டியது நிஜம், ஆனால் சாமான்களை முன்னால் மாற்றிய அன்றே, நான் சத்தம் போட்டதில் ரிவர்ஸ் எடுத்தார், முக்கல் முனகல் இல்லாமல் மேலே ஏறிவிட்டது. ரோட்டில் போய் நின்றோம். இந்தப் பக்கம் நம் வீடு, அந்தப் பக்கம் உங்கள் தெரு. இண்டிகேட்டரை இப்படிப் போட்டார், அப்படிப் போட்டார், அணைத்தார். "கூப்பிடாத வீட்டுக்கு எப்படிம்மா போறது?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அப்புறம் இறங்கிப் போய், எல்லாச் சாமானையும் ஒவ்வொன்றாக மறுபடியும் பின்னால் அடுக்கினார், அவள் புத்தகம் நனையாமல் கம்பளியில் சுற்றி. அடுக்கிவிட்டு, வண்டியைப் பழைய குழியிலேயே அழகாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். விசில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல் மிஷினை மட்டும் நான் பின்னால் கொண்டுபோக விடவில்லை.

நாங்கள் கேட்காமல் வந்தது தப்பாக இருந்தால், இந்தக் கடிதம் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் அவரை எப்படியாவது ரிவர்ஸ் எடுக்க வைத்துவிடுவேன். தப்பில்லை என்றால், இரண்டு பேரும் ஒரு நடை வாருங்கள். பார்க்க வந்தோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் தாங்கமாட்டார். மைதானத்தில் நடக்க வந்தோம் என்று சொல்லுங்கள். குடை ரிப்பேர் என்று சொன்னாலும் சரிதான்.

வந்தால் அவளை முன்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். தையல் மிஷினை எடுத்து இடம் பண்ணி வைத்திருக்கிறேன். முன்னால் அவள் பாரம் இருந்தால்தான் இந்த வண்டி நகரும்.